கட்டிலுக்குள் ஒரு குடித்தனம்

பகலில் கண்ணில் படாது, இரவில் தூங்க விடாது. மூட்டைப்பூச்சியோடு ஏழு மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்ததில் கற்றுக்கொண்டது: வெளியே சொல்ல வெட்கப்படுகிற வீட்டில்தான் அது செழித்து வளர்கிறது.

விடியற்காலை மூன்று மணி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பழைய செய்தித்தாள். படுக்கையறை வாசலில் சத்தம் காட்டாமல் நிற்கிறேன். உள்ளே ஆறு வயது மகன் தூக்கத்திலேயே முழங்கையைச் சொறிந்துகொள்கிறான். சட்டென்று வெளிச்சம் அடித்து விரிப்பை உதறினால் ஒன்றுமில்லை. வெள்ளை விரிப்பில் கடுகளவு ரத்தப் பொட்டு ஒன்று. அவ்வளவுதான். வந்தவர் வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

டெல்லி மயூர் விகாரில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு எங்களுடையது. 2022 ஏப்ரலில் பையனின் கையில் வரிசையாக மூன்று தடிப்புகள் தெரிந்தன. கொசு என்று நினைத்துக் கொசுவலை கட்டினோம். தடிப்பு நிற்கவில்லை. கத்தரிக்காயை நிறுத்தினோம். சோப்பை மாற்றினோம். களிம்பு வாங்கித் தடவினோம். அடுத்து என் கழுத்திலும் தடிப்பு வந்தது. அதே கட்டிலில் படுக்கும் என் கணவருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. "உங்க ரெண்டு பேருக்கும்தான் ஏதோ ஒத்துக்கலை" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மே மாத ஆரம்பத்தில் கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்தார். முதல் நாள் காலை எழுந்ததும் தலையணை உறையைப் புரட்டிப் பார்த்தார். தையல் ஓரத்தில் மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். முகர்ந்தும் பார்த்தார்.

"மூட்டைப்பூச்சிம்மா இது. வாசனைகூடவா தெரியலை உனக்கு?"

நான் சொன்ன முதல் வார்த்தையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "மெல்லப் பேசுங்க அத்தை, எதிர் வீட்டுக்குக் கேக்கும்" என்றேன்.

அன்றே வீட்டில் ஒரு தீர்மானம் ஆயிற்று. இதைப் பற்றி வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பையன் பள்ளிக்கூடத்தில் உளறிவிடாதபடி அவனுக்கும் சொல்லி வைத்தோம். நாங்கள் விடுகிற மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பூச்சி எங்களிடம் வந்து சேர்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

பல பெயர், ஒரே பூச்சி

இந்தியாவில் இதற்குப் பெயர் வைக்காத மொழி இல்லை. இந்தியில் கட்மல், வங்காளத்தில் சார்போக்கா, மராத்தியில் டேக்கூண், தெலுங்கில் நல்லி, கன்னடத்தில் திகணெ, மலையாளத்தில் மூட்ட. சமஸ்கிருதத்தில் மத்குணம். எல்லா மொழிக்காரர்களும் அறிந்த பூச்சி. ஆனால் எவர் வீட்டிலும் இருப்பதாக எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மனிதனைக் கடிப்பதில் இரண்டு இனங்கள் முக்கியம். குளிர்நாடுகளில் பரவலாக இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். வளர்ந்த பூச்சி சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளம், மசூர்ப் பருப்பின் பருமன். பசியோடிருக்கும்போது காகிதம் போலத் தட்டையாக இருக்கும். விசிட்டிங் கார்டு நுழைகிற இடுக்கில் அதுவும் நுழைந்துவிடும். ரத்தம் குடித்தபின் உப்பிச் சிவந்து நீண்டுவிடும். இறக்கை கிடையாது. பறக்காது, தத்தாது. நடந்துதான் வரும்.

நடந்து வருகிற பூச்சி ஏன் அகப்படுவதில்லை? அது நம்மோடு இருக்கும் நேரம் மிகக் குறைவு. தூங்குகிறவரின் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவும் உடம்புச் சூடும் அதற்கு வழிகாட்டிகள். நல்ல தூக்கத்தில் இருக்கும் பின்னிரவில் வரும். ஐந்து முதல் பத்து நிமிடம் ரத்தம் குடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் வலியை மரக்கச் செய்யும் பொருளும் அதன் எச்சிலில் உண்டு. எனவே கடிக்கும்போது தெரியாது. அரிப்பு பிறகுதான் தொடங்கும். அதற்குள் அது இடுக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வயிறு நிறைந்த பூச்சி சில நாட்களுக்கு வெளியே வராது.

கடிபட்ட எல்லோருக்கும் தடிப்பு வருவதில்லை. சிலர் உடம்பு எதுவுமே காட்டாது. என் கணவரும் அந்த ரகம். அவரையும் அது விட்டுவைக்கவில்லை என்பது ஒரு நாள் அவர் பனியனில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தபோது உறுதியாயிற்று. அவர் சொல்லிவந்த "ஒத்துக்கலை" சித்தாந்தமும் அன்றோடு முடிந்தது.

கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி போதும், வீடு நிறைந்துவிடும். தன் ஆயுளில் அது இருநூறு முட்டைகளுக்கு மேல் இடக்கூடும். முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை நிறம், மரத்தோடு பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கும். வெப்பமான காலத்தில் ஆறு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாகிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் ஒரு வேளையாவது ரத்தம் வேண்டும். டெல்லிக் கோடையில் இதெல்லாம் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் பட்டினியில் செத்துவிடும் என்று எண்ணுவது வீண். பல வாரங்கள், குளிர்ந்த இடத்தில் பல மாதங்கள், பட்டினி கிடந்து நமக்காகக் காத்திருக்கும்.

யார் கொண்டு வந்தது?

மூட்டைப்பூச்சி இருப்பது உறுதியானதும் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி "எப்படி ஒழிப்பது" என்பதல்ல. "யார் கொண்டு வந்தது" என்பதுதான்.

பஞ்சதந்திரத்தில் இதைப் பற்றி ஒரு கதை உண்டு. அரசன் பஞ்சணையில் ஒரு பேன் யாருக்கும் தெரியாமல் வெகுகாலம் வாழ்ந்து வந்தது. அங்கே விருந்தாளியாக வந்த மூட்டைப்பூச்சி, அரசன் தூங்கும்வரை பொறுக்காமல் கடித்துவிட்டுக் கட்டில் இடுக்கில் புகுந்துகொண்டது. விளக்கோடு வந்த சேவகர்கள் கையில் பேன்தான் அகப்பட்டது. கதை அதன் சாவோடு முடிகிறது.

எங்கள் வீட்டுக் கதையில் அகப்பட்டது வேலைக்கு வந்த பெண். மேற்கு வங்காளத்தின் மால்தா பக்கத்தவள். யமுனைக் கரையோரக் குடிசையில் இருந்து வருவாள். தோளில் ஒரு துணிப்பை கொண்டு வந்து சமையலறை ஆணியில் மாட்டுவாள். எங்களுக்கு அந்தப் பையே போதுமான சாட்சியாகத் தெரிந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள், "ஒரு மாசம் ஊருக்குப் போறோம், வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்று பொய் சொல்லி அவளை நிறுத்தினேன். நாங்கள் எங்கும் போகவில்லை. மறுநாள் காலை பால் வாங்க வாசலுக்கு வந்தபோது, இரண்டாவது மாடி வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனாள்.

அவள் நின்ற பிறகும் கடி நிற்கவில்லை.

மூட்டைப்பூச்சிக்கு அழுக்கும் ஒன்றுதான், பளிங்குத் தரையும் ஒன்றுதான். கரப்பானைப் போல் எச்சில் பருக்கையைத் தேடி அது வருவதில்லை. அதன் ஒரே உணவு ரத்தம். ஏழை வீட்டில் சாமான்கள் நெருக்கமாக இருப்பதாலும் ஒழிக்கப் பணமில்லாததாலும் அது அதிக நாள் தங்கலாம். ஆனால் வந்து சேர்வதற்கு ஒரு பெட்டியோ, ஒரு நாற்காலியோ, ஒரு ரயில் பயணமோ போதும். 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே இந்தப் பூச்சியால் அல்லோலகல்லோலப்பட்டது. பிரான்ஸில் 2017 முதல் 2022 வரை நூற்றுக்குப் பதினோரு வீடுகளில் மூட்டைப்பூச்சி இருந்ததாக அந்நாட்டு அரசின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பே அறிக்கை கொடுத்தது. அங்கெல்லாம் துணிப்பையை யார் கொண்டு போனார்கள்?

எங்கள் வீட்டு மர்மம் ஆகஸ்டில்தான் துலங்கியது. மார்ச் மாதம், மாற்றலாகிப் போன ஒரு நண்பரிடமிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சோபா-கம்-பெட் வாங்கியிருந்தோம். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஆணியடித்திருந்த கறுப்புத் துணியைக் கிழித்தபோது தெரிந்தது. சட்டத்தின் மூலைகளில் அப்பிய கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட தோல்கள், அரிசிக் குருணை போல முட்டைகள், நடுவில் குடும்பம் குடும்பமாகப் பூச்சிகள். சில மாதத்தில் சேர்ந்த கும்பல் இல்லை அது. காசு கொடுத்து நாங்களே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

விஞ்ஞானமும் போட்ட பழி

இந்தப் பூச்சியின் மேலேயே ஒருமுறை பொய்ப்பழி விழுந்ததுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸ்ஸாம், வங்காளம், பிகார் பகுதிகளைக் காலா அசார் என்ற காய்ச்சல் சூறையாடியது. அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903இல் லீஷ்மன், டோனவன் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே அறிவித்தார்கள். டோனவன் பணியாற்றியது சென்னையில். ஆனால் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு அதை எடுத்துச் செல்வது எது என்பது தெரியவில்லை. நோய் வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது, ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலரைப் பிடிக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் பழைய குடியிருப்புகளைக் கைவிட்டுத் தொழிலாளர்களைச் சில நூறு கஜம் தள்ளிப் புதிய இடத்தில் குடியமர்த்தினால் நோய் குறைந்தது. அப்படியானால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் மூட்டைப்பூச்சிதான் குற்றவாளி என்று பலர் எண்ணினார்கள். கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் பேட்டன் என்ற மருத்துவர் 1907 வாக்கில் மூட்டைப்பூச்சிகளின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியை வளர்த்துக்கூடப் பார்த்தார்.

முடிவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1942இல் வெளியிட்ட ஆய்வு, தாமாக முன்வந்த ஐந்து பேரை மணல் ஈக்களால் கடிக்கச் செய்து, ஐவருக்கும் நோய் தொற்றியதைக் காட்டியது. குற்றவாளி சுவர் வெடிப்புகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் இருக்கும் மணல் ஈ. மூட்டைப்பூச்சி நிரபராதி.

இன்றுவரை நிலைமை அதுதான். பல நோய்க் கிருமிகள் மூட்டைப்பூச்சியின் உடம்பில் காணப்பட்டிருக்கின்றன. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டியதுதான். ஆனால் தூக்கம் கெட்ட வீட்டில் நிம்மதி ஏது? பையன் வகுப்பில் தூங்கி வழிந்தான். அரிப்பில் சொறிந்த இடம் புண்ணாயிற்று. வயது வந்த இரண்டு பேர் ஒரு தையல் ஓரத்துக்காக நடு இரவில் சண்டை போட்டுக்கொண்டோம்.

கொளுத்தப் பார்த்த வீடு

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நாம் எல்லோரும் பழமொழியாகச் சொல்வோம். நாங்கள் அதைச் செய்யவே பார்த்தோம்.

கடையில் விற்கும் பூச்சி ஸ்பிரேக்களை முதலில் அடித்துப் பார்த்தோம். எதிரே நடந்துபோகும் பூச்சி மேல் நேராக அடித்தாலும் அது சற்றுத் தடுமாறிவிட்டு நடையைத் தொடர்ந்தது. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டி.டி.டி. தெளித்தபோது, கிராமத்தார் அதை வரவேற்றதற்குக் கொசு மட்டும் காரணமில்லை. கட்டிலில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. ஆனால் டி.டி.டி.யைத் தாங்கும் மூட்டைப்பூச்சிகள் ஹவாயின் பேர்ல் ஹார்பரில் 1947லேயே கண்டறியப்பட்டிருந்தன. தாங்கிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் பெருகின. டி.டி.டி. அவற்றைக் கொல்லாமல் உசுப்பிவிட்டு இன்னும் அலையச் செய்தது. "மருந்து அடித்தால் மூட்டைப்பூச்சி அதிகமாகிறது" என்று பல இடங்களில் மக்கள் தெளிப்பவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைய வீட்டு ஸ்பிரேக்களிலும் கொசு விரட்டிகளிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் இப்போது அதே கதிதான். ஒலி எழுப்பி விரட்டுவதாகச் சொல்லும் மின்கருவியையும் வாங்கினோம். பூச்சி அதன் மேலேயே ஏறிப் போயிற்று.

ஜூலையில் ஒரு நாள் என் கணவர் தானியக் கடையிலிருந்து ஒரு சின்ன உலோகக் குப்பியை வாங்கி வந்தார். உள்ளே மாத்திரைகள். வட இந்தியாவில் எல்லோரும் "சல்பாஸ்" என்று சொல்லும் அலுமினியம் பாஸ்பைடு. இரண்டு மாத்திரையைக் கட்டிலடியில் போட்டுக் கதவை மூடிவிட்டு, மறுநாள் திறந்தால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் சொன்னாராம்.

முதல் மாடியில் இந்திய உணவுக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். படியேறும்போது என் கணவர் கையில் இருந்த குப்பியை அவர் பார்த்துவிட்டார். எதற்கு என்று கேட்டார். எலிக்கு என்று இவர் சமாளித்தார். அவர் நம்பவில்லை. மேலே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "பேட்டா, கோதுமை மூட்டைகளுக்கு இதைப் போடும்போது முழுவதையும் ஷீட்டால் மூடி, ஓரத்தை அடைத்து, எச்சரிக்கைப் பலகை வைத்து, நாள் கணக்கில் ஒருவரையும் உள்ளே விட மாட்டோம். நீ இதைக் குழந்தை படுக்கும் அறையில் வைக்கப் போகிறாயா?"

காற்றில் உள்ள ஈரம் பட்டதும் இந்த மாத்திரையிலிருந்து பாஸ்பைன் என்ற வாயு கிளம்புகிறது. காற்றைவிடக் கனமானது. கதவடியிலும், குழாய் போகும் துளையிலும், சுவர் வெடிப்பிலும் கசிந்து பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போகும். அதை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. இதைச் சாதாரண மக்கள் வாங்கிப் பயன்படுத்துவதற்கு இல்லை. பயிற்சி பெற்றவர்களும் அரசு நிபுணர்களும் மட்டுமே கையாளலாம் என்று விதி இருக்கிறது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு, பக்கத்து அறையில் தூங்கிய மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் குப்பி அன்று முதல் மாடிப் பெரியவர் கையோடு போயிற்று. அவர் கேட்காமல் இருந்திருந்தால்? நாங்கள் ஏன் பொய் சொன்னோம்? எலி என்றால் கௌரவக் குறைவில்லை, மூட்டைப்பூச்சி என்றால் மானம் கப்பலேறிவிடும் என்றுதானே?

வெந்நீரும் பொறுமையும்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யமுனைக் கரைக்குப் போய் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சோபாவைப் பற்றியும் சொன்னேன். அவள் வாரிய சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"சார்போக்காவா? என்கிட்டே கேட்டிருக்கலாமே தீதி" என்றாள்.

அவர்கள் சந்தில் முந்தின வருடம் அது வந்ததாம். ஒரு வீட்டில் கண்டதும் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளில் அத்தனை கட்டில்களும் சந்துக்கு வந்தன. பொது அடுப்பில் கொப்பரை கொப்பரையாக வெந்நீர். கயிற்றுக் கட்டிலின் ஒவ்வொரு முடிச்சிலும், மரக் காலின் ஒவ்வொரு மூட்டிலும் ஊற்றினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி. அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாம் முறை. "ஒரு வீடு பண்ணி என்ன பிரயோஜனம்? அது அடுத்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரும்" என்றாள். முட்டை பொரியும் கணக்கு எந்தப் புத்தகமும் படிக்காமல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதச் சம்பளத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்து, ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். வேறு வீட்டில் வேலை ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் படிக்கட்டில் உள்ள எட்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினோம். நான் எழுந்து "எங்கள் வீட்டில் கட்மல் இருக்கிறது" என்றபோது கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பிறகு முதல் மாடிப் பெரியவரின் மனைவி, "எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இருக்கிறது" என்றார். எதிர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர்கள் வீட்டிலும் இருந்தது. கடைசியில் எட்டில் ஐந்து வீடு தேறியது. ஐந்து வீடுமே இரவில் டார்ச் அடித்தபடி, பகலில் ஒருவருக்கொருவர் புன்னகைத்தபடி வாழ்ந்திருக்கிறோம்!

தீபாவளிக்கு டெல்லியில் வீட்டையே புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வார்கள். 2022 அக்டோபரில் எட்டு வீடும் அதை ஒரே வாரத்தில் செய்தோம். செய்தது இவ்வளவுதான்.

முதலில், தேடல். மெத்தைத் தையல், தலைமாட்டுப் பலகை, ரஜாய்களை அடுக்கி வைக்கும் பெட்டிக் கட்டிலின் உள்மூலை, பிரம்பு நாற்காலியின் பின்னல், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், பிளக் பாயின்ட் மூடி வரை பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி இருந்தால் பூச்சி அருகில் இருக்கிறது.

அடுத்தது, சூடு. ஐம்பது டிகிரிக்கு மேல் போனால் பூச்சியும் முட்டையும் பிழைக்காது. துணிகளை அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்தோம். மர மூட்டுகளில் கொதிக்கும் நீர். மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்ற நம்பிக்கை மட்டும் ஏமாற்றும். அந்த மே மாதம் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தாண்டியது. மாமியார் சொல்லி மொட்டை மாடியில் மெத்தையைக் காயப்போட்டோம். மேல்பக்கம் தொட முடியாதபடி கொதித்தது. பூச்சிகள் நிழலான அடிப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. பஞ்சுக்குள் சூடு இறங்கவில்லை. மெல்லிய துணியை மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி நல்ல வெயிலில் வைத்தால் பலன் உண்டு.

மூன்றாவது, கட்டிலைத் தீவாக்குவது. சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, விரிப்பு தரையில் படாமல் செருகி, நான்கு காலுக்கும் அடியில் கிண்ணம். மேல்நாட்டுக் குறிப்புகளில் வழவழப்பான வெறும் கிண்ணமே போதும் என்றிருக்கும். அது அவர்கள் நாட்டுப் பூச்சிக்கு. நம் ஊர் இனத்தின் கால் நுனியில் ரோமம் அதிகம், வழவழப்பான சுவரிலும் அது ஏறிவிடும். எனவே எறும்புக்குச் செய்வதுபோலத் தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் சோப்புத் தூளும் கலந்து வைத்தோம்.

மருந்தும் அடித்தோம். உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டு, இடுக்குகளில் மட்டும், எட்டு வீட்டுக்கும் ஒரே நாளில், பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை. முட்டைக்கு மருந்து எட்டாமல் போகலாம். அதனால்தான் பொரிந்து வரும் குஞ்சுகளுக்காக இரண்டாம் முறை. முதல் முறைக்குப் பின் கடி குறைந்ததும் "போதும், எதற்கு வீண் செலவு" என்று நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சோபாவை உடைத்தோம். யாரும் எடுத்துப் போய்ப் பயன்படுத்தாதபடி துணியைக் கிழித்து, மேலே எழுதியும் வைத்தோம். அதை நமக்கும் யாராவது செய்திருக்கலாம்.

நவம்பரில் ஒரு இரவு விழிப்பு வந்தது. மணி மூன்று. பழக்கத்தில் டார்ச்சைத் தேடினேன். பையன் குப்புறப் படுத்து அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். விரிப்பு வெள்ளையாக இருந்தது.

இப்போதும் வெளியூரில் தங்கினால் பெட்டியை அறைக்குள் வைக்குமுன் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்க்கிறேன். ரயிலிலிருந்து இறங்கினால் பெட்டி நேராகப் படுக்கையறைக்கு வருவதில்லை. பழைய சாமான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

சென்ற மாதம் சென்னையிலிருந்து தங்கை பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, வீட்ல ஒரு பிரச்சினை. போன்ல சொல்ல முடியாது, மாமியார் பக்கத்துல இருக்காங்க" என்றாள்.

"விரிப்புல கடுகு மாதிரி ரத்தப் பொட்டா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.

"சத்தமாவே சொல்லு. முதல்ல மாமியார்கிட்ட சொல்லு. அப்புறம் எதிர் வீட்டுல போய்ச் சொல்லு" என்றேன்.